பரவையும் பரவலும்

மதுரை மாநகரிலிருந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவு சென்றால் பரவை என்னும் ஊர் வரும். அதுவே நான் பிறந்து வளர்ந்த ஊர். பரவை என்னும் சொல்லுக்குக் கடல் என்றும், பரந்த நீர்ப்பரப்பு என்றும் பொருள் உண்டு. மழை பெய்து எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து கரையில் அலை மோதும் நாளில், அப்பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பது கண்ணுக்கே விளங்கும்.

பின்னாளில் மதுரையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பயின்றபோது, 'பரவல்' என்னும் கலைச்சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். அன்று என் மனம் பாடத்தில் நிற்கவில்லை. அது எங்கள் ஊர்க் கண்மாய்க்குச் சென்றது. கண்மாய்க்கு அப்பால் இருந்த ஒரு மல்லிகைத் தோட்டத்திற்குச் சென்றது. அத்தோட்டத்தால் எங்கள் குடும்பத்திற்கு நேர்ந்த ஓர் இழப்பை எண்ணி வருந்தியது. அவ்விழப்பிற்குக் காரணமாய் இருந்தவன் நானே. அக்கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன், மாணவர்களே. ஏனெனில், அன்று நான் செய்த பிழையைக் கற்றவரும் நாள்தோறும் செய்துகொண்டுதான் இருக்கின்றனர்.

1982-ஆம் ஆண்டில் நான் எட்டாம் வகுப்பு மாணவன். என் தந்தையார் அதுவரை கத்தரியும் வெண்டையும் பயிரிட்டு, விளைந்ததைத் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் சந்தைக்குக் கொண்டு சென்று விற்று வந்தார். அந்த ஆண்டு, ஊரில் ஒருவர் தம் மல்லிகைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட முன்வந்தார். முப்பது சென்ட் நிலம்; கிணற்றுப் பாசனம்; நன்றாகக் காய்ப்புக்கு வந்த செடிகள் என்பது போல, நன்றாகப் பூப்புக்கு வந்த செடிகள். குத்தகைப் பணம் ஆண்டுக்கு 7,000 ரூபாய். அதனை முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். பூப்பறிப்போர் கூலி, எரு, மருந்து, தண்ணீர்ச் செலவு எல்லாம் சேர்த்து மேலும் 7,500 ரூபாய் ஆகும் என்று தந்தையார் கணக்கிட்டார். எனவே, 14,500 ரூபாய்க்கு மேல் பூ விற்றால்தான் குடும்பத்திற்கு ஏதேனும் மிஞ்சும்.

மல்லிகைத் தொழில் அவருக்குப் புதிது. ஆதலால், மதுரையில் பூத்தரகுக் கடை வைத்திருந்த ஒருவரிடம் சென்று, எந்தப் பருவத்தில் என்ன விலை விற்கும் என்று கேட்டு ஒரு தாளில் குறித்து வந்தார். ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 900 கிலோ மொட்டு கிடைக்கும் என்பது தோட்டக்காரர் சொன்னது.

அன்றிரவு தாளை என்முன் வைத்து, "தம்பி, பள்ளிக்கூடத்தில் சராசரி படித்தேன் என்றாயே, கிலோவுக்குச் சராசரி என்ன விலை விழும் என்று பார்த்துச் சொல்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருந்தேன். அதன்படியே விலைகளை வரிசைப்படுத்தினேன். கார்காலத்தில் 14 ரூபாய், கூதிர்க்காலத்தில் 30, முன்பனியில் 60, பின்பனியில் 20, இளவேனிலில் 8, முதுவேனிலில் 12. எல்லாவற்றையும் கூட்டினால் 144. ஆறால் வகுத்தால் 24. "கிலோவுக்கு 24 ரூபாய், அப்பா! 900 கிலோவுக்கு 21,600 ரூபாய்!" என்று கூவினேன்.

திண்ணையில் படுத்திருந்த அப்பத்தா தலையை உயர்த்தி, "அறுபது ரூபாய் விற்கிற பனிக்காலத்தில் செடியில் பூ ஏதடா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். எழுத்தறியாத அப்பத்தாவின் கேள்விக்கு என் கணக்கில் இடமே இல்லை. தந்தையாரும் தாளில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. தோட்டம் எங்கள் கைக்கு வந்தது.

மல்லிகை தரும் உழைப்பு சிறிதன்று. மொட்டு மலர்வதற்கு முன்பே பறிக்க வேண்டும், மலர்ந்தால் மதிப்பில்லை. ஆகையால், விடியற்காலையிலேயே அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் நிற்பர். இளவேனில் வந்ததும் செடிகள் வெண்மணி கோத்தாற்போல் மொட்டுவிட்டன. பறிக்கப் பறிக்கத் தீரவில்லை. அதே வேளையில் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் அவ்வாறே பூத்துக் குலுங்கின. சந்தையில் கூடைகள் மலைபோல் குவிந்தன. விலை 8 ரூபாய்க்கு இறங்கிற்று. முன்பனிக் காலத்திலோ பூத்தரகர் சொன்னபடியே 60 ரூபாய் விலை வந்தது. ஆனால், எங்கள் கூடையின் அடிப்பகுதியே தெரிந்தது. பனியில் செடி உறங்கிவிட்டது.

ஆண்டு முடிவில் தரகுக் கடைச் சிட்டைகளை எல்லாம் எடுத்து வைத்துக் கூட்டினேன். கார்காலத்தில் 150 கிலோ, கூதிரில் 60, முன்பனியில் 20, பின்பனியில் 120, இளவேனிலில் 300, முதுவேனிலில் 250. ஆகமொத்தம் 900 கிலோ. தோட்டக்காரர் சொன்னது சரியாயிருந்தது. விலைகளும் தரகர் சொன்னவையே. ஆயினும் வந்த பணம் 21,600 ரூபாய் அன்று, 12,900 ரூபாய்தான். கிலோவுக்கு விழுந்த விலை 14 ரூபாய் 33 காசு. செலவு போக 1,600 ரூபாய் கடன் நின்றது.

சொன்னவர் இருவரும் பொய் சொல்லவில்லை. என் கூட்டலும் வகுத்தலும் பிழையில்லை. எனினும் வீடு ஏமாந்தது. அந்தத் தை மாதம் உறவினர் திருமணத்திற்கு அம்மா மஞ்சள் கயிற்றோடு சென்றார். முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு, பந்தலின் ஓரத்திலேயே அமர்ந்திருந்தார். அதனைக் கண்ட நான் விருந்து உண்ணாமல் வீடு திரும்பினேன். தந்தையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்கு மிக்க துன்பமாயிருந்தது.

ஒருநாள் துணிவு கொண்டு, எங்கள் கணக்கு ஆசிரியரிடம் தாளையும் சிட்டைகளையும் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பின்னர் ஓர் அளவுகோலை எடுத்துத் தம் விரல்மேல் நிறுத்தினார். "இது நடுவில் நிற்கிறது. இப்போது ஒரு முனையில் சுண்ணக்கட்டியை வைத்தால் எங்கே நிற்கும்?" என்று கேட்டார். "சுண்ணக்கட்டியின் பக்கமாக விரலை நகர்த்த வேண்டும், ஐயா" என்றேன். "சராசரியும் அவ்வாறே. விலைகள் இந்தக் கோலின்மேல் உள்ள இடங்கள். எத்தனை கிலோ விற்றது என்பது அந்தந்த இடத்தில் வைத்த எடை. நீ எல்லா இடத்திலும் ஒரே எடையை வைத்தாய். செடியோ 8 ரூபாயின்மேல் 300 கிலோவை வைத்தது, 60 ரூபாயின்மேல் 20 கிலோவைத்தான் வைத்தது" என்றார்.

அப்பத்தா கேட்டதும் இதுவே அன்றோ! அவர் சொன்ன பூ இல்லாமைதான், ஆசிரியர் சொன்ன எடைக் குறைவு. விலை ஏறும்போது எடை குறைகிறது. எடை ஏறும்போது விலை குறைகிறது. இரண்டும் எதிர் எதிராக நடப்பதால், உண்மையான சராசரி எப்போதும் தாழ்ந்த விலையின் பக்கமே சாய்ந்து நிற்கும். இதனை எடையிட்ட சராசரி என்று அன்று கற்றேன்.

"அப்படியானால், அடுத்த ஆண்டு இந்த எடைகளை வைத்துக் கணக்கிட்டால் பிழை நேராதல்லவா, ஐயா?" என்று கேட்டேன். ஆசிரியர் புன்னகை புரிந்தார். "அடுத்த ஆண்டு எப்போது மழை பெய்யும், எப்போது பனி விழும், எப்போது மொட்டுப்புழு வரும் என்று உனக்குத் தெரியுமா? எடைகளும் தற்செயலால் மாறுவன. ஆகையால் சராசரியும் ஓர் எண்ணாக நில்லாது" என்றார்.

இதனை விளக்க, மறுநாள் வகுப்பில் ஒரு சோதனை நடத்தினார். எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தென்னை ஈர்க்கைக் கொடுத்தார். கண்களை மூடிக்கொண்டு, அதில் ஐந்து இடங்களில் மையால் புள்ளி வைக்கச் சொன்னார். பின்பு அவ்விடங்களில் ஒடிக்கச் செய்தார். ஒவ்வொருவருக்கும் ஆறு துண்டுகள் கிடைத்தன. முதல் துண்டின் நீளம் கார்காலத்தின் எடை. இரண்டாவது கூதிரின் எடை. இவ்வாறே ஆறு துண்டும் ஆறு பருவத்தின் எடைகள். என் தாளில் இருந்த ஆறு விலைகளைக் கொண்டு ஒவ்வொருவரும் தத்தம் சராசரியைக் கணக்கிட்டோம். ஒருவனுக்கு 19 ரூபாய் வந்தது. ஒருத்திக்கு 27 வந்தது. முன்பனித் துண்டு நீளமாய் அமைந்த ஒருவனுக்கு 38 வந்தது. என் பக்கத்தில் இருந்தவனுக்கு 15-தான் வந்தது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து, ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். புள்ளிகள் ஓரிடத்தில் குவியவும் இல்லை. தாறுமாறாகச் சிதறவும் இல்லை. 20-ஐ ஒட்டிய இடங்களில் செறிந்தும், இரு புறமும் செல்லச் செல்ல அருகியும் கிடந்தன.

கண்மாய் நீர் நடுவில் ஆழ்ந்தும் கரையருகே மெலிந்தும் பரந்து கிடப்பது போன்றதே அக்காட்சி. அதுதான் பரவல் என்பதனைக் கல்லூரியில் நான் அறிந்தேன். தற்செயலாக அமையும் ஒரு மதிப்பு எங்கெங்கே எவ்வளவு அடிக்கடி விழும் என்பதனைக் காட்டும் ஒழுங்கே நிகழ்தகவுப் பரவல். தற்செயலுக்கு ஒழுங்கில்லை என்று உலகம் எண்ணுகிறது. தனித்தனியே பார்த்தால் இல்லைதான். பலவற்றைத் திரட்டிப் பார்த்தால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

நாங்கள் ஈர்க்கை ஒடித்துப் பெற்ற எடைகளுக்குரிய பரவல், ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிஷ்லேயின் பெயரால் வழங்குகிறது. அவர் 1805-ஆம் ஆண்டு முதல் 1859-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர். அவ்வகை எடைகளை ஆறு விலைகளுக்கு இட்டால் என்ன நிகழும் என்பதனைப் பின்னாளில் நான் தாளில் கணக்கிட்டேன். ஆயிரக்கணக்கான ஈர்க்குகளை ஒடித்தாலும், கிடைக்கும் சராசரிகளின் நடு 24-ஆகவே இருக்கும். ஆயினும் அந்நடுவிலிருந்து விலகி நிற்கும் தொலைவினை அளந்தால், அதன் திட்டவிலக்கம் ஆறரை ரூபாய்க்குச் சற்று மேலாக வரும். அதாவது, 17 ரூபாயும் 31 ரூபாயும் வியப்புக்குரிய விலைகள் அல்ல. எங்கள் தோட்டத்திற்கோ 16 ரூபாய் 11 காசுக்குக் கீழ் சராசரி இறங்கினாலே இழப்பு. எடை வெறும் தற்செயலாய் இருந்திருந்தாலும் எங்கள் நிலை அவ்வளவு உறுதியானதன்று. அது விலைக்கு எதிராக நடக்கும் எடையானதால், இழப்பு நேர்ந்தது வியப்பில்லை.

1981-ஆம் ஆண்டில், நாங்கள் ஈர்க்கு ஒடித்ததற்குச் சிறிது முன்னரே, அமெரிக்கப் புள்ளியியலறிஞர் டொனால்டு ரூபின் இம்முறையை ஒரு கருவியாகவே அமைத்து வெளியிட்டிருந்தார். கையில் உள்ள செய்திகளுக்கு இவ்வாறு தற்செயலான எடைகளை மீண்டும் மீண்டும் இட்டு, ஒவ்வொரு தடவையும் சராசரியைக் கணக்கிட வேண்டும். அவை யாவும் நெருங்கி நின்றால் அச்சராசரியை நம்பலாம். அகன்று பரவினால் எச்சரிக்கையோடு நடக்க வேண்டும். அறிஞர் உலகில் தோன்றிய ஒரு கருவியும், பரவைக்கு அருகே ஒரு பள்ளியில் சிறுவர் ஒடித்த ஈர்க்கும் ஒரே உண்மையைச் சுட்டின என்பதனை அறிந்தபோது என் ஆசிரியரை மனத்தால் வணங்கினேன்.

இத்துறையில் நம் நாட்டிற்கும் பங்கு உண்டு. பிரசாந்த சந்திர மகலனோபிசு என்னும் பேரறிஞர் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1933-இல் 'சங்கியா' என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். அவ்விதழில் 1987-ஆம் ஆண்டு, பெல்ஜிய நாட்டு அறிஞர் வால்டர் வான் அஸ்ஸே ஓர் அழகிய முடிவினை வெளியிட்டார். இரண்டு எண்கள் தற்செயலாக அமைகின்றன. அவற்றின் இடையே ஒரு புள்ளி தற்செயலாகக் குறிக்கப்படுகிறது. அப்புள்ளி இரண்டின் எடையிட்ட சராசரியே, எடைதான் தற்செயலானது. அப்புள்ளி எவ்வாறு பரவும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

அம்முடிவினை ஓர் ஊஞ்சலைக் கொண்டு விளக்கலாம். மெல்ல ஆடும் ஊஞ்சல் நடுவே விரைந்து கடக்கும். இரு முனைகளிலும் தயங்கி நின்று திரும்பும். ஆதலால், ஏதோ ஒரு நொடியில் திரும்பிப் பார்ப்பவன் அதனைப் பெரும்பாலும் முனைகளின் அருகிலேயே காண்பான். நடுவே தாழ்ந்து இரு கரைகளிலும் உயர்ந்த பரவல் அது. அவ்வூஞ்சலை வெவ்வேறு இரண்டு நொடிகளில் பார்த்து, இரண்டு இடங்களையும் தரையில் குறித்து, அவற்றின் இடையே தற்செயலாக ஒரு கல்லை இடுவோம். இவ்வாறு பல்லாயிரம் முறை செய்தால், கற்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கும் ஒரே சீராகப் பரவிக் கிடக்கும்! முனைகளையே நாடும் இரண்டு எண்கள், தற்செயலான எடையால் கலந்து, எந்த இடத்தையும் சிறப்பாக நாடாத ஒரு சீரைப் பெறுகின்றன. சராசரி என்றால் நடுவில்தான் குவியும் என்று நினைப்போர்க்கு இஃது ஒரு நல்ல பாடம். மூலமாகிய எண்களின் இயல்பையும், எடைகளின் இயல்பையும் சேர்த்து அறிந்தாலன்றி, சராசரியின் இயல்பை அறிய இயலாது.

மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மணத்தை இன்று உலகம் அறியும். பனிக்காலத்தில், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை விலை கிலோ சில ஆயிரம் ரூபாயைத் தொட்டது என்று செய்தி வரும். அதனைப் படிப்பவர், பூ விவசாயி செல்வத்தில் திளைக்கிறார் என்று எண்ணுவர். நான் மட்டும், அந்த விலைக்கு எத்தனை கிலோ விற்றது என்ற சொல்லை அச்செய்தியில் தேடுவேன். பெரும்பாலும் அச்சொல் இருப்பதில்லை. நாட்டு மக்களின் சராசரி வருவாய், மாவட்டத்தின் சராசரி மழை என்று எத்தனையோ எண்கள் நம் காதில் விழுகின்றன. அவற்றுள் ஒவ்வொன்றிலும் யாரோ ஓர் எடையை இட்டிருக்கின்றனர். எந்த எடை, அந்த எடை மாறினால் எண் எவ்வளவு மாறும் என்று கேட்பது கற்றவர் கடமை.

குத்தகை முடிந்த பின், தந்தையார் மீண்டும் கத்தரித் தோட்டத்திற்கே திரும்பினார். ஒருநாள் மாலை என்னை அழைத்து ஒரு புதுக் குறிப்பேட்டைக் கொடுத்தார். அதன் பக்கங்களில் அவரே கோணலாக இரண்டு கோடுகள் கிழித்திருந்தார். "இந்தப் பத்தியில் விலையை எழுது, தம்பி, இந்தப் பத்தியில் கிலோவை எழுது. இரண்டும் இருக்கட்டும்" என்றார். அவ்வளவே அவர் சொன்னது. நான் நாள்தோறும் எழுதி வந்தேன். அக்கணக்கைப் பார்த்தே எதை எவ்வளவு பயிரிடுவது என்று அவர் முடிவு செய்தார். மூன்றாம் ஆண்டுத் தை மாதத்தில் அம்மாவின் சங்கிலி வீடு திரும்பிற்று.

அக்குறிப்பேடு இன்றும் என்னிடம் உள்ளது. புள்ளியியலில் நான் கற்ற நூல்கள் பல. அவற்றின் வரிசையில் முதலாவதாக அதனையே வைத்திருக்கிறேன்.